எழுத மறுத்த டிஸ்க்
(ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். பெருமையடிக்க ஒன்றுமில்லை. நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

2019-இல் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் லினக்ஸ் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் போன். "சார், ரிப்போர்ட் சேவ் ஆக மாட்டேங்குது!" போய்ப் பார்த்தால், பழைய ஃபைலைப் படிக்க முடிகிறது, புதிதாக ஒரு எழுத்து எழுத முடியவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, நிறைந்தால் 'இடமில்லை' என்றுதான் சொல்லும், இது 'ரீட்-ஒன்லி' என்றது. ரீமவுண்ட் செய்து பார்த்தேன், மறுத்தது. ரீபூட் கொடுத்தேன். சாதுவாக எழுந்து கொண்டது. நானும் நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். ஈஎக்ஸ்டி4 தன் உள்கணக்கில் பிழை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மூன்று வழிகள் உண்டு: கண்டுகொள்ளாமல் தொடர்வது, எழுதுவதை நிறுத்துவது, சிஸ்டத்தையே நிறுத்துவது. எங்களுடையது இரண்டாவது. பேரேட்டில் பக்கம் கிழிந்திருப்பதைப் பார்த்த கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைப்பாரே, அது மாதிரி. அவர் கையில் நான் மறுபடி பேனாவைத் திணித்தேன்!

இன்னொரு கூத்து. எழுத முடியாத டிஸ்க்கில் லாக் எப்படிப் பதிவாகும்? காரணம் மெமரியில் மட்டும் இருந்தது. ரீபூட்டில் அதுவும் போச்சு.

மூன்றாம் நாள் சர்வர் எழவேயில்லை. கடைசி பேக்கப் ஒன்பது நாள் பழையது.

இப்போதெல்லாம் போன் வந்தால் ரீபூட் பக்கமே போவதில்லை. முதலில் 'டிமெசேஜ்' கட்டளையின் வெளியீட்டை வேறு கம்ப்யூட்டருக்கு எடுக்கிறேன். படிக்க முடியும்போதே டேட்டாவையும் நகலெடுக்கிறேன். பிறகு 'ஸ்மார்ட்' விவரம். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் இருந்தால் டிஸ்க் போகப் போவதன் அறிகுறியாக இருக்கலாம். சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான். சில நூறு ரூபாய் சமாச்சாரம். விர்ச்சுவல் மெஷின் என்றால் பின்னாலிருக்கும் ஸ்டோரேஜையும் பார்க்க வேண்டும். 'எஃப்எஸ்சிகே' கடைசியில்தான், அதுவும் அன்மவுண்ட் செய்தபின். டிஸ்க்கே கெட்டிருந்தால் 'டிடிரெஸ்க்யூ' மூலம் நகல் எடுத்து, அந்த நகலில் ஓட்டுவேன். ஏனென்றால் அதுவும் டிஸ்க்கில் எழுதும் புரோகிராம்தான்.

அந்த ஒன்பது நாள் ரிப்போர்ட்டுகள் திரும்ப வரவில்லை. ரத்தம் கொடுத்தவர்களை மறுபடி வரச் சொன்னார்கள். நானும் போய் நின்றேன். ஒரு பெரியவர், "போன வாரம்தானே தம்பி எடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே சட்டைக் கையை மடித்து விட்டார்.