ஒற்றை மதகு



குறைந்த மின்சாரத்தில் ஓடும் செயலிகளைப் பற்றிய கருத்தரங்கைக் கண்டாச்சிபுரத்தில் ஏன் நடத்த வேண்டும், பெங்களூரில் நடத்தினால் ஆகாதா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். தனி கிராபிக்ஸ் கார்டு, தனி குளிரூட்டி, அறை முழுக்க ஏசி என்று வசதியோடு வாழும் கணினிகள் பெங்களூரில் இருக்கின்றன. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கையில் இருப்பவை இரண்டுதான்: அரசு கொடுத்த மடிக்கணினி, வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் கைப்பேசி. இரண்டிலும் செயலியும் கிராபிக்ஸும் ஒரே சில்லில் குடியிருக்கின்றன. இரண்டும் ஒரே ரேமிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். நம் தலைப்பின் சிக்கல் இங்கேதான் அன்றாடம் நடக்கிறது. தவிர, வரைகலைக்கு இந்த மண் புதிதும் அல்ல. பக்கத்துக் கீழ்வாலையில் பழங்கால மனிதர்கள் பாறை மேல் செங்காவியில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நினைவகமும் வரைகலையும் ஒரே கல்லில், மின்செலவு சுழியம். அந்தச் சாதனையை எந்த நிறுவனமும் இன்னும் முறியடிக்கவில்லை.

ஏரிப்பாசன ஊர்க்காரர்களுக்கு ஒரே உவமையில் சொல்லிவிடுகிறேன். ரேம் எத்தனை ஜிபி என்பது ஏரியின் கொள்ளளவு. ஒரு நொடியில் அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது மதகின் அகலம். ஏரி ததும்பி நின்றாலும் மதகு ஒன்றுதான் என்றால், செயலி என்கிற மேட்டு வயலுக்கும் கிராபிக்ஸ் என்கிற பள்ளத்து வயலுக்கும் முறை வைத்துத்தான் பாய்ச்ச முடியும். கடையில் மடிக்கணினி வாங்கப் போகிறவர் கொள்ளளவைக் கேட்கிறார். மதகைக் கேட்பவர் அரிது. அரசின் ஒப்பந்தப்புள்ளியும் அதைக் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால், ஒரு படச்சட்டம் ஏறக்குறைய 8.3 எம்பி. நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்ப அரை ஜிபி. இது பெரிய சுமை இல்லை. ஆனால் திரையில் ஒரு சாளரம் மட்டுமா இருக்கிறது? மூன்று அடுக்குகளைப் படித்து, ஒன்றாகக் கலந்து, மறுபடி எழுத வேண்டுமென்றால் நொடிக்கு 2 ஜிபி ஆகிவிடுகிறது. முப்பரிமாணப் படம் ஒன்றைச் சுழற்றினால் ஆழக் கணக்கும் மேற்பரப்பு ஓவியங்களும் சேர்ந்து இது பல மடங்காகும். டிடிஆர்3-1066 வகை ரேம் ஒற்றைச் சேனலில், அதாவது ஒற்றை மதகில், அதிகபட்சம் நொடிக்கு 8.5 ஜிபிதான் தரும். டிடிஆர்4-3200 ஒற்றைச் சேனலில் 25.6, இரட்டைச் சேனலில் 51.2. இவை தாளில் உள்ள உச்ச அளவுகள். நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது.

வேகத்தைவிட மின்சாரமே பெரிய கவலை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் ஒரு கணக்கை முன்வைத்தார். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் இரண்டு 32 பிட் மிதவைப் புள்ளி எண்களைக் கூட்ட 0.9 பிகோஜூல் ஆகிறது. அதே 32 பிட்டை சில்லுக்கு வெளியே உள்ள டிராமிலிருந்து, அதாவது ரேமிலிருந்து, கொண்டுவர 640 பிகோஜூல். கூட்டும் வேலையைவிடக் கொண்டுவரும் வேலைக்கு எழுநூறு மடங்கு செலவு! அதே அளவுகோலில், நாம் இப்போது பார்த்த நொடிக்கு 2 ஜிபி போக்குவரத்துக்கு மட்டும் 0.3 வாட்டுக்கு மேல் போகிறது. இன்றைய ரேம்கள் இதைவிடச் சிக்கனமானவை, உண்மை. ஆனாலும் மொத்தமே இரண்டு மூன்று வாட்டில் பிழைக்க வேண்டிய கைப்பேசியில் இது சில்லறை இல்லை. குறைந்த மின்சாரச் செயலிகளின் வரலாற்றை, ரேமுக்குப் போகாமல் தப்பிக்கும் வழிகளின் வரலாறாகவே நான் படிக்கிறேன்.

அவற்றில் மிக அழகானது ஓடு ஓடாக வரையும் முறை. முதல் ஐபோனில் இருந்த பவர்விஆர் கிராபிக்ஸும், நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் இருக்கும் மாலியும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. முழுத் திரையையும் ஒரே மூச்சில் வரையாமல், 16க்கு 16 புள்ளி போன்ற சிறு ஓடுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 256 புள்ளிகளின் நிறத்துக்கும் ஆழத்துக்கும் 2 கேபி போதும்; அது சில்லுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு புள்ளியைப் பத்து முறை திருத்தி வரைந்தாலும் ரேமுக்குப் போவது கடைசி நிறம் மட்டுமே. இதற்கு விலை இல்லாமல் இல்லை. எந்த முக்கோணம் எந்த ஓட்டில் விழுகிறது என்று முதலில் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியல் ரேமில்தான் தங்கும். காட்சியில் முக்கோணங்கள் பெருகினால் பட்டியல் வீங்கி, மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். பிற்பகல் அமர்வுகளில் பேசப்போகிறவர்கள் இந்த எல்லை எங்கே வருகிறது என்று அளந்து காட்டினால் மகிழ்வேன்.

கணினிப் பக்கத்தில் கதை வேறு. இன்டெல் 2008இல் ஆட்டம் செயலியைக் கொண்டுவந்தது. செயலி 2.5 வாட்டில் ஓடியது. நெட்புக் என்ற சிறு மடிக்கணினிகளில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிராபிக்ஸ், நினைவகக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் அதைவிட அதிகமாகக் குடித்தன. 2009 இறுதியில் வந்த பைன் டிரெயில் தலைமுறை கிராபிக்ஸையும் ரேம் கட்டுப்பாட்டையும் செயலிக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. ஆனால் நெட்புக்குகளுக்கான என்450இல் ஒற்றைச் சேனல், உச்சவரம்பு 2 ஜிபி. ஏஎம்டி 2011 ஜனவரியில் வெளியிட்ட இ-350, 18 வாட்டில் அதைவிட நல்ல கிராபிக்ஸைத் தந்தது. அதுவும் ஒற்றைச் சேனல்தான். வரைகலைக் கருவை அகலப்படுத்தியவர்கள் மதகை அகலப்படுத்தவில்லை. சில்லின் ஓரத்தில் ஒவ்வொரு கூடுதல் இணைப்புக் காலும் காசு, ஒவ்வொரு காலும் மின்சாரம் என்பதே காரணம்.

நம் நாட்டு முயற்சிகளில் இதே பாடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினியில் 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 320க்கு 240 புள்ளித் திரை. வணிகத்தில் அது தோற்றது. வடிவமைப்பில் திரையும் நினைவகமும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 2011 அக்டோபரில் வந்த ஆகாஷ் கைப்பலகையில் 800க்கு 480 திரை. சிம்ப்யூட்டரைப் போல் சரியாக ஐந்து மடங்கு புள்ளிகள். அதன் மேல் ஆண்ட்ராய்டு. கீழே 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி ரேம். அது தடுமாறியதில் என்ன வியப்பு? 2017இல் ஜியோபோன் வந்தபோது 512 எம்பி ரேமை வைத்துக்கொண்டு மறுபடி 320க்கு 240 திரைக்கே திரும்பினார்கள், கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். விலை மலிவான இயந்திரத்துக்குப் பெரிய திரை வைப்பது விளம்பரத்துக்கு நல்லது, ரேமுக்கு நல்லதல்ல.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க கால இயந்திரங்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு. அந்த 2 ஜிபியிலிருந்து கிராபிக்ஸுக்கு ஒரு பங்கு போக மிஞ்சியதில்தான் இயங்குதளமும் உலாவியும் ஓடின. அவற்றுள் இன்னும் மூச்சு விடுகிறவை விழுப்புரத்துப் பழுதுபார்ப்புக் கடைகளுக்கு வருகின்றன. எஸ்எஸ்டி மாற்றினால் எழுந்து உட்காரும். ஆனால் இன்றைய காணொலிப் பாடம் ஒன்றைப் போட்டால் விசிறி அலறும். புதிய காணொலி வடிவங்களை விரிக்கும் தனிச் சுற்று அவற்றில் இல்லை. இன்டெல் மடிக்கணினிச் செயலிகளில் ஏவி1 வடிவத்துக்கான விரிப்புச் சுற்று 2020இன் டைகர் லேக்கில்தான் வந்தது. அந்தச் சுற்று இல்லையென்றால் செயலியே மூச்சு முட்ட ஒவ்வொரு சட்டத்தையும் கணக்கிட வேண்டும், பேட்டரி கரையும்.

தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்து, அரசு நிறுவனமான எல்காட் மூலம் கொள்முதல் நடந்தது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பாராட்டத்தக்க உயர்வு. ஆனால் 8 ஜிபி என்று எழுதினால் அதை இரு விதமாகக் கொடுக்கலாம். ஒரே 8 ஜிபி குச்சியைச் செருகி, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். அல்லது நான்கு நான்காக இரண்டு. முதலாவதில் ஒரு சேனல் மட்டுமே ஓடுவதால் மதகு பாதி மூடியிருக்கும். ஆனால் பின்னாளில் இன்னொரு குச்சி வாங்கி 16 ஆக்கிக்கொள்ள வழி உண்டு. இரண்டாவதில் மதகு முழுதும் திறந்திருக்கும். கூட்ட வேண்டுமென்றால் இருப்பதைக் கழற்றி எறிய வேண்டும். பொறியாளர்கள் பெரும்பாலும் முதலாவதை விரும்புவார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலி ஸ்லாட் என்பது பின்னால் யாராவது நிரப்புவார்கள் என்ற நம்பிக்கை. முகையூரில் கூலி வேலைக்குப் போகிற அம்மா, மகளின் மடிக்கணினிக்கு ரேம் வாங்குவாரா? அதிலும் 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் சந்தையில் உள்ள டிராமை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை ஏறிவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே இரு சேனலும் ஓடட்டும் என்பேன். இரண்டு குச்சிக்குக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் ஆகும். கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் முன் அது பொறுக்கக்கூடியது. ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன்: ரேம் முழுவதையும் பற்றவைத்துவிடுவது. இன்டெல்லின் 2024 லூனர் லேக் செயலிகளில் ரேம் செயலியின் உறைக்குள்ளேயே போய்விட்டது. மின்சாரச் சிக்கனத்தில் அது அபாரம். ஆனால் ரேம் பழுதானால் விழுப்புரத்துக் கடைக்காரர் கைவிரித்துவிடுவார்.

சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. பேராசிரியர் காமகோடி குழுவின் அந்தத் திட்டம் ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் மேல் எழுந்தது; 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பணிக்கான ஐரிஸ் சில்லு வரை வந்திருக்கிறது. அதுபோன்ற கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்குக் கிராபிக்ஸ் தேவையில்லை. மாணவனின் மேசைக்கு வரும் நாளில் தேவைப்படும். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் வெளியிட்ட வோர்டெக்ஸ் என்ற திறந்த ரிஸ்க்-வி கிராபிக்ஸ் வடிவமைப்பை, சில்லு இல்லாமல் போலியாக்க மென்பொருளிலேயே ஓட்டிப் பார்க்கலாம். காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? இதோ ஒன்று.

இன்னொன்றும் உண்டு, அதற்கு இறுதியாண்டு வரை காத்திருக்க வேண்டாம். இந்த அரங்கில் அரசு மடிக்கணினியோடு வந்திருப்பவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது, ரேம் வேகம் என்ன, வன்பொருளுக்கென ஒதுக்கப்பட்டது எவ்வளவு, மூன்றும் அங்கேயே இருக்கும். பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இருப்பவர்கள் டிஎம்ஐடிகோட் கட்டளையில் பார்க்கலாம். இயந்திரத்தின் மாடலோடு சேர்த்து வரவேற்பு மேசையில் உள்ள பதிவேட்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். நேரம் இருப்பவர்கள் ஸ்ட்ரீம் என்ற நினைவக வேகச் சோதனையை ஓட்டி, நொடிக்கு எத்தனை ஜிபி வருகிறது என்ற எண்ணையும் சேருங்கள். மாலை நிறைவு அமர்வில் அந்தப் பட்டியலைத் திரையில் போட்டு, எல்காட்டுக்கு அனுப்ப வேண்டிய பரிந்துரையை அதை வைத்தே எழுதுவோம்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.