தலையிடியும் கைச்சிகிச்சையும்

தலையைச் சுற்றி இறுகக் கட்டிய பட்டி போன்ற நோவு, இருபுறமும் ஒரே அழுத்தம், பிடரியிலே கனம். துடிப்பு இல்லை, வாந்தி இல்லை, நடமாட்டத்தால் கூடுவதும் இல்லை. இறுக்கத் தலையிடி என்று மருத்துவர் கூறுவது இதனையே. இது அரை மணி நேரத்தில் அடங்குவதும் உண்டு. ஒரு வாரம் நீடிப்பதும் உண்டு. உடனே மாத்திரையை நாடுவதே பலரின் வழக்கம். ஆனால் சாதாரண நோவு மாத்திரைகளையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுங்கி வந்தால், அம்மருந்தே தலையிடியை வளர்த்துவிடும். அதனாலேயே கையால் செய்யும் சிகிச்சையைப் பலர் தேடுகின்றனர்.

இந்நோயாளரின் கழுத்து, தோள் தசைகளை அழுத்தினால் பெரும்பாலும் நோகும். மேற்கழுத்தின் நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பும் முண்ணாணின் மேற்பகுதியில் ஓரிடத்தே கூடுகின்றன. ஆகவே பிடரியின் நோவு நெற்றியிலே தோன்றுவதில் வியப்பில்லை.

கைச்சிகிச்சையில் தசைகளை மெல்லப் பிசைந்து அழுத்துவது ஒருவகை. கழுத்தைச் சடுதியாகத் திருப்பி மூட்டை ஒலிக்கச் செய்வது மற்றொரு வகை. முடி வெட்டியபின் சிகையலங்கரிப்பாளர் நெட்டி முறிப்பது இதற்கு உறவுதான்.

இவ்விரண்டையும் டென்மார்க்கில் சோதித்துப் பார்த்தனர். 1998இல் வெளியான அவ்வாய்வில் 75 பேர் பங்குபற்றினர். அனைவருக்கும் தசைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதனோடு ஒரு குழுவினருக்குக் கழுத்தைத் திருப்பும் சிகிச்சையும், மற்றக் குழுவினருக்குப் பயனற்ற போலி ஒளிக்கதிரும் நான்கு வாரங்களில் எட்டு முறை வழங்கப்பட்டன. முதற் குழுவில் நாளொன்றுக்கு 2.8 மணி நேரமாயிருந்த தலையிடி 1.5 ஆகவும், மற்றதில் 3.4 மணி நேரமாயிருந்தது 1.9 ஆகவும் குறைந்தது. கழுத்தைத் திருப்பியதால் மேலதிக நன்மை ஏதும் விளையவில்லை. பிசைந்தமையே குணந்தந்தது என்று துணியவும் இயலாது. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழுவொன்று அங்கிருக்கவில்லை.

கழுத்தெலும்புகளினூடாக மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது, மிக அரிதாக, அவற்றின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் நேர்ந்ததுண்டு. நன்மை கூடாத இடத்தில் அந்த அரிய ஆபத்தைத்தான் ஏன் ஏற்கவேண்டும்? மெல்லிய அழுத்தத்தில் அத்தகைய அச்சம் இல்லை. ஆறுதலும் பலருக்குக் கிடைக்கின்றது.

திடீரெனப் பேரிடியாய் வரும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், 50 வயதுக்குமேல் புதிதாய்த் தொடங்கிய நோவு, இவற்றில் எதுவாயினும் எவரது கையும் கழுத்தில் படுமுன் நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.