வெறும் எம்.பி.பி.எஸ்.

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

நான் ஒரு குடும்ப டாக்டர். மதுரையிலிருந்து தேனி ரோட்டில் வந்தீங்கன்னா, நாகமலை புதுக்கோட்டை தாண்டி, செக்கானூரணி வர்றதுக்கு முன்னாடி என் க்ளினிக். ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் பரோட்டாக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்தா உட்கார இடம் கிடைக்காது.

டாக்டர்கள் சங்கத்தைப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டாங்க. டாக்டர் சங்கம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்டிரைக், கருப்பு பேட்ஜ், பேப்பர்ல ஒரு அறிக்கை. அதெல்லாமும் உண்டு. நான் சொல்லப்போறது வேற.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி காய்ச்சலுக்கு வந்தார். ஐ.டி. வேலை. அவரோட அக்கா அமெரிக்காவுல இருக்காங்க. ஃபோனை நீட்டி, "மேடம், அக்காவோட ஃபேமிலி டாக்டர் பேருக்குப் பின்னாடி எம்.டி. இல்ல, டி.ஓ.ன்னு இருக்கு. ஆஸ்டியோபதியாம். எலும்பைத் திருகி விடுறவங்களா? போலி டாக்டரா?"ன்னு கேட்டார்.

இல்லைன்னு சொன்னேன். அமெரிக்காவுல டாக்டர் ஆக ரெண்டு வழி உண்டு. ஒண்ணு எம்.டி., இன்னொண்ணு டி.ஓ. ரெண்டு பேரும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் பண்ணலாம். டி.ஓ. படிச்சவங்க கூடுதலா உடம்பைக் கையால தொட்டு, மூட்டையும் தசையையும் சரிபண்ற முறையையும் கத்துக்கிறாங்க. அதை ஆரம்பிச்சவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்னு ஒரு டாக்டர். 1864-ல மூளைக்காய்ச்சல்ல அவரோட மூணு குழந்தைங்க இறந்துபோனாங்க. அந்தக் காலத்து மருத்துவம் மேலயே அவருக்கு நம்பிக்கை போயிருச்சு. 1892-ல மிசௌரி மாநிலத்துல, கெர்க்ஸ்வில்ங்கிற ஊர்ல கல்லூரி தொடங்கினார்.

ரொம்ப காலம் மத்த டாக்டருங்க இவங்களை மதிக்கவே இல்லை. 1962-ல கலிஃபோர்னியாவுல நடந்தது ஒரு வேடிக்கை. ரெண்டு பக்கத்துச் சங்கமும் பேசி முடிச்சு, டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி, சின்னதா ஒரு வகுப்புல உட்கார்ந்துட்டு, எம்.டி. பட்டத்தை வாங்கிக்கலாம்னு வச்சாங்க. நேத்து வரைக்கும் 'அரைகுறை'ன்னு சொன்னவங்களை ஒரு ரசீதுல முழு டாக்டர் ஆக்கிட்டாங்க! ஆனா மத்த மாநிலங்கள்ல டி.ஓ.க்கள் பேரை மாத்திக்கலை. சொந்தமா கல்லூரி, தேர்வு, சங்கம்னு கட்டிக்கிட்டாங்க. அவங்கள்ல குடும்ப மருத்துவம் பார்க்கிறவங்களுக்குன்னே 1950-ல ஒரு சங்கம் வந்துச்சு. அமெரிக்க ஆஸ்டியோபதிக் குடும்ப மருத்துவர்கள் கல்லூரின்னு இப்போ பேரு. கல்லூரின்னா கட்டடம் இல்லை. வேலைக்கு வந்த பிறகும் டாக்டரைப் படிக்க வைக்கிற அமைப்பு.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க. நம்ம ஊர்ல ஒரு போர்டுல 'ஆஸ்டியோபதி'ன்னு இருந்தா, அது அந்த டி.ஓ.ன்னு அர்த்தம் ஆகாது. யாரா இருந்தாலும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு பாருங்க.

அந்தத் தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு, கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு கேட்டார்: "அப்போ மேடம், நீங்க வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?"

அந்த 'வெறும்' இருக்கே, அது எங்க எல்லார் சட்டையிலயும் ஒட்டியிருக்கிற லேபிள். தலைவலின்னா நியூரோ, நெஞ்சுவலின்னா கார்டியோ, முதுகுவலின்னா ஆர்த்தோ. நீங்க கூகுள் பார்த்துட்டு நேரா அங்க போயிடுறீங்க. உங்களைத் தப்பு சொல்லலை. எங்களுக்கே கல்லூரியில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நான் படிச்சப்ப பாடம் எடுத்த எல்லாருமே ஏதாவது ஒரு உறுப்போட நிபுணர். சாயங்காலம் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, கையில ஒரு ஸ்டெத்தும் ஒரு பி.பி. மிஷினும் மட்டும் இருந்தா எப்படி யோசிக்கணும்னு யாரும் சொல்லித் தரலை.

அந்தக் குறையைச் சரிபண்ணத்தான் சில அமைப்புகள் வந்துச்சு. இந்திய மருத்துவச் சங்கம், அதாவது ஐ.எம்.ஏ., 1928-ல தொடங்கினது. அதுக்குள்ள, பொது மருத்துவர்களுக்குன்னு 1963-ல ஒரு கல்லூரி உண்டாக்கினாங்க. அதோட தலைமையிடம் நம்ம சென்னையில இருக்கு. 2010-ல இந்தியக் குடும்ப மருத்துவர்கள் அகாடமி வந்துச்சு. உலக அளவுல 1972-ல தொடங்கின வொங்கான்னு ஒரு அமைப்பு இருக்கு. மே 19-ஐ உலகக் குடும்ப மருத்துவர் தினமாக் கொண்டாடுறது அவங்கதான். குடும்ப மருத்துவமும் ஒரு தனிப் படிப்பு, அதுக்கு எம்.டி. வேணும்னு இந்த மாதிரி அமைப்புகள் வருஷக்கணக்காக் கேட்டுட்டே இருக்காங்க. 2019-ல வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல, குடும்ப மருத்துவ மேற்படிப்பை ஊக்குவிக்கணும்னு ஒரு வரி சேர்ந்திருக்கு. ஒரு வரிதான். ஆனா சட்டத்துல இருக்கு.

இதெல்லாம் பேப்பர்ல படிக்கிற சங்கதி. எனக்கு நிஜமா சங்கம் எப்போ தேவைப்பட்டுச்சுன்னு சொல்றேன்.

க்ளினிக் ஆரம்பிச்சு மூணாவது வருஷம். சித்திரை மாசம், மல்லிகை நல்லா விளையிற நேரம். எங்க பக்கம் பொம்பளைங்க விடியுறதுக்கு முன்னாடியே பூவெடுக்கப் போயிருவாங்க. பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகணும், லேட்டானா விலை இறங்கிடும். அப்படிப் பூவெடுக்கிற ஒரு அக்கா. வயசு ஐம்பதுக்கு மேல, சர்க்கரை உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு வந்தாங்க.

"மேவயிறு எரியுது தாயி. நடுமுதுகுல வலிக்குது. வாயு அடைச்சிருச்சு போல. ஒரு ஊசியப் போட்டு விடு, விடியக்காலம் பூவெடுக்கப் போகணும்."

பி.பி. பார்த்தேன், பரவாயில்லை. முகமெல்லாம் வேர்வை. அன்னிக்குக் கரண்டு இல்லை, எனக்கும்தான் வேர்த்துச்சு. ஈ.சி.ஜி. மிஷின் பின்னாடி ரூம்ல இருந்துச்சு, அது மேல பஞ்சுப் பெட்டி அடுக்கி வச்சிருந்தேன். அதை எடுத்து, அவங்களைப் படுக்க வச்சு, மறைப்பு போட்டு எடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். வெளியில கூட்டம். வயித்துப்புண்ணுக்குப் போடுற ஊசியைப் போட்டு அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில அவங்க மகன் வந்து நின்னார். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டியிருக்கு. மதுரைக்குக் கொண்டு போயிருக்காங்க. ஹார்ட் அட்டாக். அவர் சண்டை போட வரலை. "என்னென்ன சர்க்கரை மாத்திரை சாப்பிடுதுன்னு ஆஸ்பத்திரியில கேக்குறாய்ங்க, எழுதித் தாங்க டாக்டரம்மா"ன்னு கேட்டு வந்தார். எழுதிக் கொடுத்தேன். கை நடுங்குச்சு.

சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மாரடைப்பு சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வரணும்னு இல்லை. மேல்வயிறு எரியலாம், முதுகு வலிக்கலாம், வெறும் களைப்பும் வேர்வையுமா வரலாம். இது எனக்குத் தெரியும். பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்.

அக்கா பிழைச்சுக்கிட்டாங்க. ஆனா இதயத் தசை கொஞ்சம் போயிருச்சு. குனிஞ்சு பூவெடுக்க முடியாது. அந்த வருமானம் நின்னுபோச்சு. வீட்ல உட்கார்ந்து பூக்கட்டிக் கொடுக்கிறாங்க.

நான் யார்கிட்டயும் சொல்லலை, வீட்டுக்காரர்கிட்டகூட. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் டாக்டராவே இல்லை. யாராவது 'வாயு'ன்னு சொன்னா, "எதுக்கும் மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருங்க"ன்னு அனுப்பினேன். ஒரு கொத்தனார் மூணு நாள் கூலியை விட்டு, எல்லா டெஸ்டும் எடுத்துட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "சதைப்பிடிப்புன்னு சொல்லிட்டாய்ங்க டாக்டரம்மா. அத நீங்களே சொல்லிருக்கலாம்ல?"

தனியா இருக்கிற டாக்டர் தப்பு பண்ணினா, ரெண்டு பக்கமும் ஆபத்து. முதல்ல பார்க்காம விடுவோம். அப்புறம் பயந்துபோய் எல்லாரையும் துரத்துவோம்.

அப்பத்தான் என் கூடப் படிச்ச ஒரு தோழி என்னை ஒரு கூட்டத்துக்கு இழுத்துட்டுப் போனா. எங்க சுத்துவட்டாரத்துக் குடும்ப டாக்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மாசத்துல ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு டாக்டர் வீட்டு மாடியில கூடுவாங்க. டாக்டர்களுக்குத் தொடர்கல்வின்னு ஒண்ணு உண்டு. அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம்னு 2002 விதிகளிலேயே இருக்கு. அதை நான் அதுவரைக்கும் நட்சத்திர ஹோட்டல்லதான் முடிச்சிருந்தேன். மருந்துக் கம்பெனி சாப்பாடு, ஒரு நிபுணர், நூறு ஸ்லைடு. கடைசி ஸ்லைடுல 'சீக்கிரம் எங்களிடம் அனுப்புங்கள்'னு இருக்கும்.

இங்க ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு டீ, வடை. ஒருத்தர் ஒரு கேஸ் சொல்லணும். நோயாளி பேர் சொல்லக்கூடாது. "எப்படிம்மா இதை விட்ட?"ன்னு யாரும் கேட்கக்கூடாது. "அந்த நேரத்துல உனக்கு என்ன தெரிஞ்சுது?"ன்னு மட்டும்தான் கேட்கலாம். அதுதான் சட்டம்.

மூணாவது கூட்டத்துல நான் சொன்னேன். சொல்லி முடிச்சதும் யாரும் பேசலை. மேலூர்ப் பக்கம் நாற்பது வருஷமா வைத்தியம் பார்க்கிற ஒரு சார், "நானும் விட்டிருக்கேன்மா. ரெண்டு பேர். ஒருத்தர் பிழைக்கலை"ன்னார். இன்னும் மூணு பேர் கை தூக்கினாங்க.

ஆறுதல் சொல்லுவார்னு நினைச்சேன். அவர் சொல்லலை. "மிஷின் எங்க இருக்கு?"ன்னு கேட்டார்.

"பின்னாடி ரூம்ல சார்."

"நாளைக்கு அதை எடுத்து உன் மேஜைக்குப் பக்கத்துல வை. மத்ததை அப்புறம் பேசுவோம்."

அன்னிக்கே மத்தவங்களும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஈ.சி.ஜி. எடுக்க சிஸ்டருக்குப் பழக்கி விடு, நீயே எடுக்கணும்னு இல்லை. தாடைக்குக் கீழ, தொப்புளுக்கு மேல எங்க வலின்னாலும், நாற்பது தாண்டினவங்களும் சர்க்கரை இருக்கிறவங்களும் டோக்கன் வரிசையில நிக்க வேண்டாம். வந்த பத்து நிமிஷத்துல ஈ.சி.ஜி. சந்தேகமா இருந்தா பேரை மறைச்சு குரூப்புக்கு அனுப்பு, யாராவது ஒருத்தர் பார்ப்போம். முதல் ஈ.சி.ஜி. சரியா இருந்தாலும் வலி நிக்கலைன்னா விட்டுறாத, மறுபடி எடு.

எல்லாமே சின்னச் சின்ன விஷயம். எந்தப் புத்தகத்துலயும் 'மிஷினை மேஜைப் பக்கத்துல வை'ன்னு இருக்காது. அதை இன்னொரு குடும்ப டாக்டர்தான் சொல்ல முடியும். இப்போ அரசாங்கமே ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 'இதயம் காப்போம்' திட்டத்துல, 2023-லேர்ந்து, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புற ஏற்பாட்டைச் செஞ்சிருக்கு. ஆனா அந்த மாத்திரையைக் கையில எடுக்கணும்னா, இது வாயு இல்லைன்னு முதல்ல ஒருத்தருக்குத் தோணணும்.

கிளம்பும்போது அந்த சார் கேட்டார்: "அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

அதுக்கு எனக்கு இன்னும் ஒரு மாசம் ஆச்சு. அக்கா சர்க்கரை மாத்திரைக்கு வந்தப்ப, கதவைச் சாத்திட்டு சொன்னேன். "அக்கா, அன்னிக்கே நான் ஈ.சி.ஜி. எடுத்திருக்கணும். எடுக்கலை. எடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது."

ரொம்ப நேரம் பேசலை. மேஜைப் பக்கத்துல இருந்த மிஷினையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "இதானா அது?"

"ஆமாக்கா."

"இனிமே எல்லாருக்கும் வப்பியா தாயி?"

மன்னிச்சேன்னு சொல்லலை. நானும் கேட்கலை. ஆனா இன்னிக்கும் என்கிட்டதான் வர்றாங்க.

அதனால, சங்கம்னா எனக்கு அந்த மாடிதான். என் தப்பைச் சொல்ல ஒரு இடம், அதைக் கேட்டுட்டு அடுத்த நாள் என்ன செய்யணும்னு சொல்ல நாலு பேர். அது இல்லாத டாக்டர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் தனி ஆள்தான்.

நீங்க ஒரு குடும்ப டாக்டரைத் தேடும்போது பேருக்குப் பின்னாடி எத்தனை எழுத்து இருக்குன்னு எண்ணாதீங்க. "சந்தேகம் வந்தா நீங்க யார்கிட்ட கேட்பீங்க டாக்டர்?"னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். "ஆமா தம்பி, எம்.பி.பி.எஸ்.தான். ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை க்ளினிக் கிடையாது, வந்துடாதீங்க."

கடைசியா ஒண்ணு. உங்க வீட்ல சர்க்கரை இருக்கிற அம்மாவோ அப்பாவோ, "கேஸ் மாதிரி இருக்குடா"ன்னு சொல்லி வேர்த்து உட்கார்ந்தா, சோடா வாங்க ஓடாதீங்க. ஈ.சி.ஜி. எடுக்கிற இடம் எதுவோ அங்க உடனே கூட்டிட்டுப் போங்க, இல்லைன்னா 108-க்கு அடிங்க. வாயுவா இருந்தா நல்லது, வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கலாம்.