எந்த ஸ்விட்சில் அணைப்பீர்கள்?

("புதுமணத் தம்பதியர் நாய் வளர்ப்பது பொழுதுபோக்கா? பொறுப்பா?" என்ற பட்டிமன்றத்தில், 'பொறுப்பே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழகாச் சொன்னார். "புதுசா கல்யாணமானவங்களுக்குப் பொழுது போகணும். ஒரு நாய்க்குட்டி இருந்தா வீடே கலகலன்னு இருக்கும்" என்றார். ஐயா, பொழுது போகணும்னா டி.வி. இருக்கே! பிடிக்கலைன்னா அணைச்சிடலாம். நாய்க்குட்டியை எந்த ஸ்விட்சில் அணைப்பீங்க? (சிரிப்பு) ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 ஆண்டு வரை வாழ்கிற உயிர் அது. தவணையில் வாங்கின கட்டிலுக்கும் பீரோவுக்கும் மூணு வருஷத்துல கடன் தீர்ந்துடும். இதுக்குத் தீராது.

எங்களுக்கு விக்கிரவாண்டி. ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கும் தெற்குச் சீமைக்கும் போய்வருகிற அத்தனை பேருக்கும் எங்க ஊரைத் தெரியும். தூக்கக் கலக்கத்துல "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்"னு குரல் கேட்கும் பாருங்க, அந்த இடம்தான். அப்படி ஒரு மோட்டலில்தான் என் வீட்டுக்காரர் கணக்கு எழுதுகிறார். அவருக்கு ராத்திரி வேலை. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன், எனக்குப் பகல் வேலை. கல்யாணமான புதுசுல நாங்க முகம் பார்த்துப் பேசினது வாசற்படியில்தான். அவர் உள்ளே வருவார், நான் வெளியே போவேன்.

இந்த நிலைமையில ஒரு நாய் வளர்க்கலாம்னு பேச்சு வந்தது. என்ன நாய்? அங்கேதான் நடுவர் அவர்களே, எங்க வீட்டில் முதல் பட்டிமன்றம் ஆரம்பம்.

அவர் ஹஸ்கி வேணும்னார். நீலக் கண்ணு, ஓநாய் மாதிரி கம்பீரம். நான் சொன்னேன், "ஏங்க, அது சைபீரியாவில் பனியில் சறுக்கு வண்டி இழுத்த இனம். உடம்பு பூராவும் ரெண்டு அடுக்கு ரோமம். அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊர்ல மனுஷனே சுருண்டு விழறான். அதுக்கு ஏ.சி. போடணும். நமக்கே காத்தாடிதானே?" அவர் விடலை. "அப்போ உனக்கு என்ன நாய் வேணும்?" நான் பக் நாய் கேட்டேன். 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடிச்சே, அதேதான். அவர் திருப்பி அடிச்சார்: "நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். பக் நாய்க்கு மூக்கே சப்பை. வெயில்ல மூச்சுக்கு எங்கே போகும்?" நியாயம்தானே?

சரி, நம்ம நாட்டு இனம் பார்க்கலாம்னு ராஜபாளையத்துக்கு வந்தோம். 2005இல் தபால்தலையில் இடம்பிடித்த நாய். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாத்தையும் பேசினோம். கன்னி நாயைக் கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்கள், அதனாலதான் அந்தப் பேர் என்று தெற்கே சொல்வார்கள். எனக்கு ஆசையாத்தான் இருந்தது. ஆனால் கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்டின சாதி. ஓடணும். எங்களுக்கோ ரெண்டு அறை வாடகை வீடு, சுற்றுச்சுவர் கிடையாது, கூப்பிடு தூரத்தில் நாலுவழிச் சாலை. ஓடப் பிறந்ததைத் தூணில் கட்டிப்போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "இது இன்ன இனம்"னு காட்டறதுக்குப் பேர் வளர்ப்பா? எப்போதும் சங்கிலியில் கட்டியே வைத்து நடைக்குக் கூட்டிப்போகாமல் விட்டால் அது சட்டப்படி குற்றம் ஐயா. மிருகவதைத் தடைச் சட்டம் 1960லேயே வந்தாச்சு. வளர்த்த நாயைக் காரில் கொண்டுபோய்த் தூரத்தில் இறக்கிவிட்டு வருகிறார்களே, அதுவும் அந்தச் சட்டப்படி குற்றம்தான். நெடுஞ்சாலையில் குடியிருக்கிற நான் சொல்கிறேன், கழுத்துப் பட்டையோட அலையற நாய்களைப் பார்த்தா வயிறு எரியும். பொழுதுபோக்கு முடிஞ்ச நாய்கள் அவை! (கைதட்டல்)

கடைசியில் அவர் வேலை பார்க்கிற மோட்டலுக்குப் பின்னாலேயே ஒரு தெரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூணு கடுவன். மூணையும் ஆளுக்கு ஒண்ணாச் சொல்லி வச்சுட்டாங்க. பொட்டைக் குட்டியை மட்டும் யாரும் கேட்கலை. "பொட்டைக் குட்டி எதுக்கு, செலவுதான்"னாங்களாம். இந்த வசனத்தை நான் வேற எங்கேயோ கேட்டிருக்கேன் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்) அதையே எடுப்போம்னு ரெண்டு பேரும் ஒரே வார்த்தையாச் சொன்னோம். உடனே தூக்கிட்டு வரலை. தாய்கிட்ட எட்டு வாரமாவது இருக்கணும். அப்போதான் கடிச்சு விளையாடறதுல எவ்வளவு வலிக்கும்னு கூடப்பிறந்ததுங்க கிட்ட கத்துக்கும். அதுவரை அவர்தான் தாய்க்குச் சோறு வச்சார்.

பேர் நான் வச்சேன். கோவி. சிரிக்காதீங்க, சரித்திரப் பேர். எங்க பக்கத்து மாவட்டம் திருவண்ணாமலையில் எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்தான். அவனுடைய நாய் ரெண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. வீரன் பக்கத்தில் அந்த நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பேரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அது என்ன இனம்னு ஒரு எழுத்துகூட அந்தக் கல்லில் இல்லை!

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இது துளியும் பிடிக்கலை. "நடுவீட்டுல நாயா? ஒரு பேரப்பிள்ளையைப் பெத்துக் கொடுன்னா நாயைக் கொண்டாந்து விட்டிருக்கா"ன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. நான் பதில் பேசலை.

முதல் தடுப்பூசி போட்டாச்சு. ரெண்டாவது ஊசிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுக்குள்ள ஒரு நாள் சாயங்காலம் குட்டி சோறு தொடலை. வாந்தி. விடியறதுக்குள்ள ரத்தமாப் போக ஆரம்பிச்சிடுச்சு. கால்நடை மருத்துவர் பார்த்த உடனே சொல்லிட்டார், பார்வோ வைரஸ். "முதல் ஊசியோட முழுப் பாதுகாப்பு வந்துடாதும்மா, மூணு நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசியும் முடியணும். இப்போ உடம்புல நீர் வத்தாமப் பார்த்துக்கறதுதான் முக்கியமான வைத்தியம்"னார். சலைன் ஏத்தினாங்க. தினமும் கூட்டிட்டுப் போகணும், பொழைக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னுட்டார்.

அஞ்சு நாள். அவர் ராத்திரி வேலைக்கு லீவு போட்டார். ஊசி ஏத்தின காலை அசைக்காமப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் உட்காரணும், இன்னொருத்தர் சுத்தம் பண்ணணும். கல்யாணமாகி ஏழாம் மாசம் அது. என் வீட்டுக்காரர் முகம் சுளிக்காமத் தரையைத் துடைப்பார்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, குட்டி மூச்சு விடுதா விடுதான்னு பார்த்துக்கிட்டே, அதுவரைக்கும் பேசாததை எல்லாம் பேசினோம். அவருக்கு இருந்த கடன், எனக்கு மேலே படிக்கணும்னு இருந்த ஆசை. நாலாம் நாள் எங்க அத்தை ஒரு வார்த்தை பேசாம வந்து, "நீங்க ரெண்டு பேரும் போய்ப் படுங்க, நான் பார்த்துக்கறேன்"னு குட்டி பக்கத்துல பாய் விரிச்சாங்க.

கோவி பொழைச்சுது. இப்போ அவள் செய்கிற அட்டகாசத்தைக் கேளுங்க. காலையில அவர் வந்து சோறு வச்சிருப்பார். நான் எழுந்ததும் பட்டினி கிடந்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு நிப்பா. அதனால தினத்தாள் காலண்டரில் சோறு வச்சவங்க கையெழுத்துப் போடணும்னு சட்டம் போட்டோம். பூச்சி மருந்து, ஊசித் தேதி, கருத்தடை ஆபரேஷன் தேதி எல்லாம் அதே காலண்டர்லதான். நடுவுல எனக்கும் ரெண்டு வரி எழுதி வைக்கிறார். அதை இங்கே சொல்ல முடியாது. (சிரிப்பு)

நடுவர் மணியைத் தொட்டுட்டார். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. ரேபீஸ் வந்து அறிகுறி தெரிஞ்சுட்டா, நாயானாலும் மனுஷனானாலும் காப்பாத்தறது அநேகமா நடக்காது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணியில் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. ஆனா வளர்க்கிற நாய்க்கு மூணாம் மாசத்தில் தடுப்பூசி போட்டு, வருஷா வருஷம் புதுப்பிச்சிருந்தா அந்தப் பயமே வேண்டாமே. ஐயா, உங்க வீட்டிலும் நாய் இருக்குன்னு பெருமையாச் சொன்னீங்க. அதோட ஊசி அட்டையில் கடைசித் தேதி என்ன? உங்களுக்குத் தெரியலைன்னா பரவாயில்லை, முன்வரிசையில் உங்க வீட்டம்மா உட்கார்ந்திருக்காங்க, அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. காத்திருக்கேன். (கைதட்டல்)