எதிரொலிக்கு நிரல் எழுத எங்கே தேடுவது?



"பத்து நிமிஷம் பேசு. ஹாஸ்டல் கதை வேண்டாம், அதற்கு மூத்தவர்கள் இருக்கிறார்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே என் தொழிலைப் பற்றியே பேசுகிறேன். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் மென்பொருளுக்காக எக்கோ, ரிவெர்ப், ஈக்வலைசர் போன்றவற்றுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. கோயில் பிரகாரத்தில் பாடினால் குரல் சுற்றிச் சுற்றி வந்து மெல்ல அடங்குகிறது அல்லவா? சின்ன அறையில் பாடிய குரலுக்கு அந்த உணர்வை வெறும் எண்களால் ஏற்றுவதுதான் ரிவெர்ப்.

சென்ற ஆண்டு எங்கள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்கு நம் கல்லூரி மாணவி ஒருவர் வந்திருந்தார். இசட்-டிரான்ஸ்ஃபார்மில் நல்ல மதிப்பெண். கேட்ட சமன்பாட்டைக் கடகடவென்று எழுதினார். "சரிம்மா, 300 மில்லி செகண்ட் எக்கோவுக்கு எத்தனை எண்களைச் சேமித்து வைக்கணும்?" என்றேன். திகைத்துவிட்டார். சிடி தரத்தில் நொடிக்கு 44,100 சாம்பிள். 0.3ஆல் பெருக்கினால் 13,230. அவ்வளவு நீளத்துக்கு ஓர் அரே. எழுதும் இடம் கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலுக்குத் திரும்பும். பழைய எண்ணை எடு, கொஞ்சம் குறை, புதியதோடு கூட்டு. எக்கோ முடிந்தது! சொன்னவுடனே பிடித்துக்கொண்டார். "சார், இதெல்லாம் எங்கே சார் இருக்கு?" என்று கேட்டார். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அவருடைய கேள்விக்கான பதிலை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இதில் பெரும்பகுதி இலவசம். ஸ்டீவன் ஸ்மித் 1997இல் எழுதிய டி.எஸ்.பி. வழிகாட்டி நூலை இணையத்திலேயே முழுசாகப் படிக்கலாம். கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதில் தொடங்குங்கள். அடுத்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் ஸ்மித் (இவர் வேறு ஸ்மித்). ஃபில்டர் பற்றியும், இசைக் கருவிகளும் அறைகளும் ஒலிக்கும் முறை பற்றியும் இவர் எழுதிய நூல்களும் அப்படியே. ஈக்வலைசர் என்றால் ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் தொகுத்த சூத்திரக் குறிப்பு ஒன்று போதும். பல காலம் புரோகிராமர்களிடையே கைக்குக் கை சுற்றி வந்ததை 2021இல் டபிள்யூ3சி அமைப்பே வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கவேண்டியது என்றால் ஊடோ ட்சோல்சர் தொகுத்த டாஃபெக்ஸ் நூல். 2011இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அதன் மேட்லாப் நிரல்களில் பெரும்பாலானவை இலவச ஆக்டேவிலும் ஓடும். 1998இல் பார்சிலோனாவில் தொடங்கிய அதே பெயர் மாநாட்டின் கட்டுரைகளும் இலவசம்தான்.

ஆனால் புத்தகம் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஒரு சின்ன, முழுமையான நிரலையும் அதற்கு மூலமான கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ரிவெர்புக்கு நான் சொல்வது ஃப்ரீவெர்ப். 2000ஆம் ஆண்டில் ஜெஸார் என்ற பெயரில் ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்ட நிரல். ஒரே நாளில் படித்துவிடலாம். ஒரு பக்க ஒலிக்கு எட்டு கோம்ப் ஃபில்டர்கள், அதன்பின் நாலு ஆல்-பாஸ் ஃபில்டர்கள். இதன் மூலம் பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1962இல் எழுதிய கட்டுரை. கோம்ப் ஒவ்வொன்றுக்குள்ளும் சுற்றும் ஒலியில் கீச்சு ஸ்வரங்களை மட்டும் சீக்கிரம் மங்கவைக்கிற வித்தை 1979இல் ஜேம்ஸ் மூரர் எழுதியதில் இருக்கிறது.

இப்போது அந்த நிரலின் எண்களைப் பாருங்கள். முதல் கோம்ப் 1116 சாம்பிள், இரண்டாவது 1188. எல்லாச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அதனால் அளவுகளுக்குப் பொதுக் காரணி கூடாது என்று விதி. ஆனால் இந்த இரண்டும் 36ஆல் வகுபடுகின்றன! விதியை மீறிவிட்டாரா? காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதலாவது 33 முறையும் இரண்டாவது 31 முறையும் சுற்றினால்தான் இரண்டும் சந்திக்கும். அது 36,828ஆவது சாம்பிள், முக்கால் நொடிக்கும் மேலே. இயல்பு அமைப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 0.84 மடங்காகக் குறைகிறது. 33 சுற்று முடியும்போது முந்நூறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. காதுக்கு ஏது தெரியப்போகிறது? இந்த ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவர் என்னிடம் நேர்முகத்துக்கு வந்தால் பாதி வேலை அவருக்குக் கிடைத்த மாதிரி. மூன்று நிமிஷ வீடியோவில் இது வராது. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒரு பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்தேன், அதிலும் இல்லை.

அதே நிரலில் மிகச் சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் ஒரு வரி இருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயரே இராது. பாட்டு நின்ற பிறகும் ரிவெர்ப் உள்ளே தேய்ந்துகொண்டே போய், எண்கள் பத்தின் மைனஸ் 38 அடுக்கையும் தாண்டிச் சிறுக்கும்போது, சில பிராசசர்கள் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். சத்தமே இல்லாதபோது கணினி திணறும் விந்தை இதுதான். 64 சாம்பிள் கொண்ட ஒரு தவணைக்கு நமக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லி செகண்டுக்கும் குறைவு. அதற்குள் மெமரி கேட்பதோ ஃபைல் திறப்பதோ கூடாது. இதை ராஸ் பென்சினா 2011இல் எழுதிய கட்டுரை அழகாக விளக்குகிறது.

இவையெல்லாம் ஆங்கிலத்தில்தானே என்று தமிழ் வழியில் படித்து வந்த தம்பிகள் தயங்குவது தெரிகிறது. நானும் தமிழ் வழிதான். ஷ்ரோடரின் கட்டுரையை ஒரு வாரம் அகராதியோடு படித்தேன். படங்களும் சமன்பாடுகளும் பாதி வழி நம்மைக் கூட்டிப் போய்விடும்.

ட்சோல்சரின் நூல் ஒரு பிரதியை இன்று காலை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். ஆய்வகக் கணினிகளில் ஆக்டேவும், மில்லர் பக்கெட் உருவாக்கிய இலவச ப்யூர் டேட்டாவும் ஏற்றித் தர துறைத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்குத் தொடர்பியல் ஆய்வகத்தில் இருப்பேன். ஹெட்போன் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்; பாடத் தெரிந்தவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும்.