குஞ்சல்ல, முதிர்ந்த தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், தென்மேற்குப் பருவம் இறங்கிய பிறகு, ஈரச் சருகைக் கையால் விலக்கினால் கட்டைவிரல் நகத்தின் அளவில் ஏதோ ஒன்று துள்ளி மறையும். சருகின் நிறமே அதன் நிறம். தோலெல்லாம் சுருக்கம். பார்த்தவர் தவளைக் குஞ்சு என்று முடிவுகட்டிவிட்டு மேலே நடப்பார். காட்டில் வேலை செய்பவர்கள் மட்டுமல்ல, தவளைகளையே படித்தவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தார்கள். அந்தக் 'குஞ்சு'களில் சில வளர்ந்து முடிந்தவை, முட்டையிடுபவை, அறிவியலில் இன்னும் பெயர் பெறாதவை என்று தெரியவர இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இப்படியொரு சின்னத் தவளை புதிய சிற்றினமாக ஏற்கப்படும் வரை அது கடக்கும் வழியே இவ்வுரையின் பொருள்.

2017 பிப்ரவரியில் 'பீர்ஜே' என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சோனாலி கார்க், எஸ்.டி. பிஜு ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் 5 ஆண்டுக் களப்பணிக்குப் பிறகு 7 புதிய இரவுத் தவளைகளை அதில் விவரித்திருந்தார்கள். அவற்றில் 4 சிற்றினங்களின் உடல் நீளம் 12.2 மில்லிமீட்டரிலிருந்து 15.4 மில்லிமீட்டர் வரைதான். ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் உட்கார வைத்தால் சுற்றிலும் இடம் மிஞ்சும். இந்த நான்கில் ஒன்று தேனி மாவட்டத்து மேல்மணலாற்றின் பெயரைத் தாங்கியது. இன்னொன்று மாஞ்சோலைக்கு மேலே, அகத்தியமலைத் தொடரின் காக்காச்சியில் கிடைத்தது. அதற்கு, தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட தவளைகளைத் தேடிப் புத்தகம் எழுதிய ராபின் மூரின் பெயர் வைக்கப்பட்டது. மூன்றாவது சபரிமலையின் பெயரைப் பெற்றது.

இந்தச் சின்னத் தவளைகள் அரியவை என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கும் இடத்தில் இவை நிறையவே இருக்கின்றன. அப்படியிருந்தும் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், உருவம் அவ்வளவு சிறியது, பதுங்கும் இடம் அவ்வளவு மறைவானது, குரலோ பூச்சியின் குரல். இரவுத் தவளைகள் பெரும்பாலும் ஓடையை ஒட்டி வாழ்பவை. இந்தக் குட்டித் தவளைகளோ ஈரச் சருகுக்கு அடியிலும் சதுப்புப் புல்லின் அடித்தூரிலும் கிடக்கின்றன. ஓடையில் தேடியவர்களுக்கு இவை எப்படி அகப்படும்?

இரவுத் தவளைகளின் பேரினத்துக்கு நிக்டிபேட்ராகஸ் என்று பெயர். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இது இல்லை. இதன் மரபுக்கிளை 7 முதல் 8 கோடி ஆண்டு பழமையானது என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதாவது, இந்திய நிலப்பரப்பு ஆசியாவோடு வந்து மோதுவதற்கு முன்பே இந்தக் குலம் இங்கே இருந்திருக்கிறது. 2011இல் பிஜுவும் குழுவினரும் இந்தப் பேரினத்தை முழுவதுமாக ஆராய்ந்து ஒரே கட்டுரையில் 12 புதிய சிற்றினங்களை விவரித்தார்கள். 2017இன் ஏழையும் சேர்த்தபோது எண்ணிக்கை 35 ஆனது. டைனோசர் காலத்துக் குலம் ஒன்றின் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இந்த நூற்றாண்டில்தான் பெயர் பெற்றிருக்கிறார்கள் என்பது, நம் மலைகளை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பதற்குக் கணக்கு.

கையில் கிடைத்த 13 மில்லிமீட்டர் தவளை முதிர்ந்ததா, குஞ்சா? விவரிப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். பெரிய இரவுத் தவளையின் குஞ்சைப் பிடித்துவிட்டுப் புதிய குள்ளத் தவளை என்று அறிவித்தால், அதைத் திருத்தப் பிறகு வருபவர்கள் பல ஆண்டுகள் செலவிட வேண்டும். சான்று தவளையின் உடலிலேயே இருக்கிறது. குஞ்சு கத்தாது. கத்துவது துணையை அழைக்கும் ஆண், அதற்குத் தொண்டையில் குரல்பை இருக்கும். முதிர்ந்த ஆண் இரவுத் தவளையின் தொடையில் சுரப்பிகள் தெளிவாகத் தெரியும். பெண்ணின் வயிற்றில் முட்டைகள் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை. 2007இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் நிக்டிபேட்ராகஸ் மினிமஸ் விவரிக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதுதான். வயநாட்டின் குறிச்சியர் மலையில் கிடைத்த அந்தத் தவளைகள் 10 முதல் 14 மில்லிமீட்டர்தான் இருந்தன. பார்வைக்குக் குஞ்சுகள். பெண்களின் உடலில் முட்டை இருந்தது, ஆண்களிடம் பருவமடைந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. இந்தியாவின் மிகச் சிறிய தவளை என்று அன்று அது அறியப்பட்டது.

கண்ணுக்குத் தப்புவது காதுக்குத் தப்பாது. ஆய்வாளர்கள் இரவில் ஒலிப்பதிவுக் கருவியோடு காட்டில் காத்திருப்பது அதனால்தான். உலகின் மிகச் சிறிய தவளைகளில் ஒன்றான பீடோஃப்ரைன் அமாவென்சிஸும் குரலால்தான் பிடிபட்டது. பாப்புவா நியூகினியில் அமாவு என்ற ஊருக்கு அருகே, 2009 ஆகஸ்டில், அமெரிக்காவின் கிறிஸ் ஆஸ்டினும் எரிக் ரிட்மையரும் பூச்சியின் கிரீச்சொலி போன்ற ஒன்றைப் பின்தொடர்ந்து போனார்கள். சத்தம் தரையிலிருந்து வந்தது, கண்ணில் எதுவும் படவில்லை. சருகைக் கொத்தாக அள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இலை இலையாகப் புரட்டிய பிறகு அந்தத் தவளை குதித்தது. சராசரி நீளம் 7.7 மில்லிமீட்டர். விவரிப்பு வெளியானது 2012 ஜனவரியில்.

குரலைப் பதிந்தால் மட்டும் போதாது. தவளை குளிர்ரத்தப் பிராணி. வெப்பநிலை மாறினால் கத்தும் வேகமும் மாறும். எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில் பதிவானது என்ற குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு ஒலிப்பதிவுகளை நியாயமாக ஒப்பிட முடியாது.

பிடித்த தவளையின் நிறத்தை உயிரோடிருக்கும்போதே படமெடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆல்கஹாலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும். டிஎன்ஏ ஆய்வுக்காகச் சிறு திசுத் துண்டைத் தனியே எடுத்துத் தூய ஆல்கஹாலில் வைப்பார்கள். உடல் ஃபார்மலினில் இறுகி, பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்குப் போகும். மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை, கண்ணின் விட்டம், தலையின் அகலம், தொடை, கணுக்கால், விரல் நுனியின் தட்டு என்று ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின் கீழ் காலிப்பரால் அளப்பார்கள். 13 மில்லிமீட்டர் உடலில் விரல் நுனியின் அகலம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அந்த அளவுகளில் ஒன்று பிசகினாலும் ஒப்பீடு பிசகும்.

பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை உடலை ஹோலோடைப் என்பார்கள். அதற்காகத் தவளையைக் கொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் சி.ஆர். நாராயண ராவின் கதையில் இருக்கிறது. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர், 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியர். தென்னிந்தியத் தவளைகளை இந்த மண்ணிலிருந்தே விவரித்த முன்னோடி. 1937இல் பல புதிய தவளைகளை அவர் அச்சேற்றினார். அவர் பாதுகாத்து வைத்த உடல்கள் பின்னாளில் தொலைந்துபோயின. விளைவு, அவர் வைத்த பெயர்கள் எந்தத் தவளைகளைக் குறிக்கின்றன என்பதை அவர் சேகரித்த காடுகளுக்கே திரும்பிப்போய், கிடைத்தவற்றை அவருடைய வரிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் பிறகு வந்தவர்கள் மீட்க வேண்டியிருந்தது. இவ்வுரையில் அவர் பெயரைச் சொல்வது கடமை. புதர்த்தவளைகளின் ஒரு பேரினம் இன்று ராவோர்கெஸ்டஸ் என்று அவர் பெயரைச் சுமக்கிறது. ஒரு தவளையின் உடல் பத்திரமாக இருந்தால், நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளர் மீண்டும் பலவற்றைப் பிடிக்க வேண்டிய தேவை குறையும். உயிரினப் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 இதை உணர்ந்தே, புதிய உயிரினத்தின் மாதிரியை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம்.

பழைய உடல்கள் பல இந்தியாவில் இல்லை. சென்னை மாகாண வனத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் தென்மலைகளில் சேகரித்தவை லண்டனுக்குப் போயின. அங்கே விலங்கியலாளர் பெளலெஞ்சர் 1882இல் ஒரு குட்டித் தவளைக்குப் பெட்டோமின் பெயரை வைத்தார். அது இன்று நிக்டிபேட்ராகஸ் பெட்டோமி. காக்காச்சியிலோ மணலாற்றிலோ கிடைக்கும் எந்தச் சின்ன இரவுத் தவளையும், தான் பெட்டோமி அல்ல என்று நிரூபித்தாக வேண்டும். அந்த வழக்குக்கு லண்டன் அருங்காட்சியகத்தின் கண்ணாடிச் சீசாதான் சாட்சி. டிஎன்ஏ மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. உருவம், குரல், மரபணு ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் கவனமுள்ள ஆய்வாளர் புதிய பெயரை முன்வைப்பார். இந்தப் பொறுமையை அவசரக்காரர்கள் சோம்பல் என்பார்கள். இவ்வுரையின் கருத்தில் அதுவே இந்தத் துறையின் மானம்.

பொறுமைக்கு நல்ல எடுத்துக்காட்டு, மினிமஸ் கிடைத்த அதே குறிச்சியர் மலையில் இருக்கிறது. எஸ்.பி. விஜயகுமார், கார்த்திக் சங்கர் உள்ளிட்டோரின் குழு 2010இல் அங்கே ஒரு பழுப்புத் தவளையைச் சேகரித்தது. நீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. வயிறு ஆரஞ்சு நிறம், உடலெங்கும் வெளிர்நீலப் புள்ளிகள். சேகரித்தபோது அதன் முக்கியத்துவம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மரபணுவும் எலும்புக்கூட்டின் சிடி ஸ்கேனும் சொன்ன செய்தி பெரியது: இரவுத் தவளைகளுக்கு நெருங்கிய உறவு, ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தனியே பிரிந்த கிளை. 2019இல் அஸ்ட்ரோபேட்ராகஸ் குறிச்சியானா என்ற பெயரில், புதிய துணைக்குடும்பமாகவே அது விவரிக்கப்பட்டது. அந்த மலையில் வாழும் குறிச்சியர் மக்களை அந்தப் பெயர் நினைவுகூர்கிறது. கண்டெடுத்ததற்கும் பெயரிட்டதற்கும் நடுவே 9 ஆண்டுகள்.

இதைவிட நீண்ட இடைவெளியும் உண்டு. பாறை அருவியில் வாயால் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு தலைப்பிரட்டை 1918இலேயே அச்சில் விவரிக்கப்பட்டது. அதன் முதிர்ந்த வடிவமான, மண்ணுக்குள் வாழும் ஊதா நிறத் தவளை அறிவியலில் பெயர் பெற 2003 ஆனது. நாசிகாபேட்ராகஸ் சகியாத்ரென்சிஸ் என்ற அந்தத் தவளையின் நெருங்கிய உறவினர்கள் இந்தியப் பெருங்கடலின் சேஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். மலைவாழ் மக்களுக்கு அது புதியதல்ல. அதன் தம்பி போன்ற இன்னொரு தவளை 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாம்பல் அணில் சரணாலயத்திலிருந்து விவரிக்கப்பட்டது. மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவத்தில் முட்டையிட, கிழக்குச் சரிவில் வாழும் இது வடகிழக்குப் பருவத்தில் முட்டையிடுகிறது. அதற்கு நாசிகாபேட்ராகஸ் பூபதி என்று பெயர். கோவை சாலிம் அலி மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்த சு. பூபதி 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்தார். தாம் நடந்த மலைத்தொடரிலேயே அவர் பெயர் ஒரு தவளையிடம் தங்கியிருக்கிறது.

பெயர் ஏன் இவ்வளவு அவசியம்? பெயரில்லாத உயிருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. 2023இல் 'நேச்சர்' இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீடு 8,011 நீர்நில வாழ்விகளைக் கணக்கில் எடுத்து, 40.7 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. விவரிக்கப்படாத தவளைகள் அந்த 8,011இல் இல்லை. அவை அழிந்தாலும் அழிவின் கணக்கில் வராது. 2017இல் பெயர் பெற்ற ஏழில் ஐந்துக்கு மனிதர்களால் பெரிய நெருக்கடி இருப்பதாக விவரித்தவர்களே எச்சரித்தார்கள். சபரிமலைத் தவளை, ஆண்டுதோறும் பெருங்கூட்டம் ஏறும் யாத்திரைக் காட்டில் வாழ்கிறது. அதிரப்பள்ளித் தவளை கிடைத்த இடம், 163 மெகாவாட் நீர்மின் திட்டம் முன்மொழியப்பட்டிருந்த அருவியின் பக்கத்தில். வேறு சில தோட்டப் பகுதிகளில், சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கின்றன. தோட்ட நிர்வாகம் ஒரு சதுப்பை வடித்துவிட்டால் ஒரு குடியிருப்பே போய்விடும்.

விவரிப்பு அச்சானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. 1870களில் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்ட ராவோர்கெஸ்டஸ் சாலஸோடஸ் என்ற பச்சைப் புதர்த்தவளை நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. அது மீண்டும் கிடைத்த செய்தி 2011இல் வெளியானது. அதன் பிறகே களக்காடு முண்டந்துறையில் கே.எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் அதன் குடும்ப வாழ்க்கையைக் கண்டுபிடித்தார்கள். மூங்கில் கணுக்களின் இடையே உள்ள சிறு பிளவு வழியாக உள்ளே நுழைந்து அங்கேயே அது முட்டையிடுகிறது. ஆண் காவல் இருக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகத் தவளைக் குஞ்சு வெளிவருகிறது. மூங்கிலை வெட்டினால் முட்டையும் போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

திருநெல்வேலி, தேனி, விருதுநகர் மாவட்டங்களின் கல்லூரி விலங்கியல் துறைகள் இந்த மலைகளின் அடிவாரத்திலேயே இருக்கின்றன. பருவம்தோறும் அதே ஓடைக்கும் அதே சதுப்புக்கும் திரும்பிப் போகும் வசதி டெல்லிக்கோ லண்டனுக்கோ கிடையாது, இந்தத் துறைகளுக்கு உண்டு. தவளையைத் தொடவே வேண்டாம், அதற்குத்தான் வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரத்திலிருந்து குரலைப் பதியலாம். ஒவ்வொரு பதிவோடும் இடம், தேதி, மணி, காற்றின் வெப்பநிலை, அன்று மழை பெய்ததா என்ற ஐந்தும் எழுதப்பட்டிருந்தால், நாளைக்கு வரும் விவரிப்பாளருக்கு அது பயன்படும்.