நாலு போல்ட்டில் நின்ன வீடுகள்

இன்னைக்கு டோக்கியோ. கின்சா பக்கத்துல 1972-ல கட்டி முடிச்ச நகாகின் கேப்சூல் டவர். போட்டோவைப் பார்த்தா வாஷிங் மெஷினை எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். பெட்டி பெட்டியா வீடு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெரிய வட்ட ஜன்னல்.

வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. மெட்டபாலிசம் என்ற இயக்கத்தின் ஆள். நகரமும் ஒரு உடம்புதான், பழைய செல் உதிர்ந்து புது செல் வரணும் என்பது அவங்க வாதம். அதனால லிஃப்ட், படிக்கட்டு இருக்கிற ரெண்டு கான்கிரீட் கோபுரம் நிலையா நிற்கும். 11 மாடி ஒண்ணு, 13 மாடி ஒண்ணு. அதைச் சுத்தி, ஃபேக்டரியில செஞ்சு கொண்டுவந்த 140 கேப்சூல். ஒவ்வொண்ணுக்கும் நாலே போல்ட். 25 வருஷத்துக்கு ஒருமுறை கழட்டிட்டுப் புதுசு மாட்டலாம்.

உள்ளே சுமார் 10 சதுர மீட்டர்தான். கட்டில், மடக்கு மேசை, விமானத்துல இருக்கிற மாதிரி குட்டி பாத்ரூம். சமையலறை கிடையாது! தூரத்துல குடும்பம், நகரத்துல ஆபீஸ்னு இருக்கிறவங்களை மனசுல வெச்சு செஞ்சது.

சரி, எத்தனை கேப்சூலை மாத்தினாங்க? ஒண்ணுகூட இல்லை.

நம்ம ஆட்களுக்கு இது உடனே புரியும். மைக்ரோசர்வீஸ்னு சொல்லி எழுதுவோம், கடைசியில ஒண்ணைத் தொட்டா பத்தை நிறுத்தணும். இங்கேயும் அதே கதை. இடைவெளி ரொம்பக் குறைவு. கீழ இருக்கிறதை எடுக்கணும்னா மேல இருக்கிறதையும் எடுத்தாகணும். அந்த மேல் கேப்சூல் வேற ஒருத்தருக்குச் சொந்தம். அவர் ஏன் சம்மதிக்கணும், செலவு யாரோடது? என்னைக் கேட்டா போல்ட்டைவிட இதுதான் பெரிய சிக்கல். பொருளைப் பிரிக்கிற மாதிரி வடிவமைச்சாங்க, முடிவெடுக்கிற உரிமையை அப்படி வடிவமைக்கல.

கூரை ஒழுகுச்சு, ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினை வந்தது, வெந்நீரும் நின்னுபோச்சு. 2007-ல உரிமையாளர்கள் இடிக்கலாம்னு ஓட்டுப் போட்டாங்க. கோபுரத்தை விட்டுட்டு கேப்சூலை மட்டும் மாத்துவோம்னு குரோகாவா கேட்டுப் பார்த்தார், நடக்கல. அதே வருஷம் இறந்துட்டார். அடுத்து வந்த பொருளாதார மந்தத்துல இடிக்கிற திட்டமும் படுத்துடுச்சு. அப்புறமும் வருஷக்கணக்கா சிலர் பிடிவாதமா அங்கேயே குடியிருந்தாங்க. காப்பாத்தணும்னே கேப்சூல் வாங்கினவங்களும் உண்டு.

2022 ஏப்ரல்ல இடிக்க ஆரம்பிச்சாங்க. 23 கேப்சூலைப் பத்திரமா எடுத்துப் பழுதுபார்த்தாங்க. அதுல ஒண்ணு இப்போ சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கிட்ட இருக்கு. 50 வருஷம் கழிச்சு, கட்டடமே போகும்போதுதான் அந்த போல்ட்டைக் கழட்டினாங்க.